சுழி அக்கா கை தூக்கினால்

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு யார் உள்ளே வந்தாலும் சுழி அக்காவின் பார்வை முதலில் உச்சந்தலைக்குத்தான் போகும். சுழி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஒன்றா இரண்டா, முன்நெற்றி எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் முகத்துக்கு இறங்கி வருவார். "வாங்க, உக்காருங்க" என்பது அதற்கும் அப்புறம். பெயர்கள் அவர் மனதில் ஒட்டுவதில்லை. "அதான், இடது பக்கம் சுழி, பின்னால ஒரு கொத்து மட்டும் விறைச்சுக்கிட்டு நிக்குமே, அந்த ஆளு" என்பார். கேட்பவர் திருதிருவென்று விழிப்பார். அந்தக் கொத்துக்குச் சொந்தக்காரர் நகராட்சிப் பொறியாளர் என்பதெல்லாம் அக்காவுக்குப் பொருட்டே இல்லை.

சலூன் சின்னது. இரண்டு சுழல் நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் ஒரே கத்தரி, ஒரே திட்டு. "தலையை ஆட்டாதீங்க. காது போனா ஒட்டறதுக்கு நான் டாக்டர் இல்ல." கேட்டால் சாயம் பூசுவார், குட்டையாக வெட்டுவார், ஆனால் சுருட்டை முடியை நீட்டிவிடும் வேலையை மட்டும் தொடமாட்டார். "வயசை மறைச்சுக்கலாம், தப்பில்ல. ஆளையே மறைக்கறது அயோக்கியத்தனம்" என்பார். அந்த வேலைக்காகவே எதிர்த்தெருவில் பளபளவென்று ஒரு கடை வந்து, கூட்டம் அங்கே போன பிறகும் அவர் மசியவில்லை.

இப்படிப்பட்ட கண்ணை அரசியல்வாதிகள் சும்மா விடுவார்களா? தேர்தல் நாளில் அக்கா கடையைப் பூட்டிவிட்டு, பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்துவிடுவார். வருகிறவர் அசல் வாக்காளர்தானா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு கட்சியும் உள்ளே உட்கார்த்தி வைக்கும் ஆள்தான் ஏஜெண்ட். சந்தேகம் வந்தால் கை தூக்கவேண்டும். சாவடியின் தலைமை அலுவலர் விசாரிப்பார். மற்ற சாவடிகளில் ஏஜெண்டுகள் மதியத்துக்கு மேல் கொட்டாவி விடுவார்கள். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை, காலையில் மீசையோடு வந்து ஓட்டுப் போட்ட ஒருவன் மாலையில் மீசையை வழித்துவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல் மையை என்னத்தையோ போட்டுத் தேய்த்து அழித்துவிட்டு வேறு பெயரில் வந்து நின்றான். அக்கா கையைத் தூக்கினார். "தம்பி, மீசையை எடுத்துட்டே, சரி. சுழியை எங்க கழட்டி வெச்சே?" தம்பி கம்பி நீட்டிய வேகத்தில் ஒரு செருப்பு சாவடியிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்துதான் அவருக்கு இந்தப் பெயர். அந்தச் சாவடியில் கள்ள ஓட்டுக்காரர்களின் பாச்சா பலிக்காது என்று எதிர்க்கட்சிக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். அதில் அக்காவுக்கு இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

வாக்கு இயந்திரத்தைப் பற்றி அவர் அலட்டிக்கொள்வதில்லை. பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சி ஏஜெண்டாக உட்காருகிறவர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு வழுக்கைத் தலையர். புதிதாக வந்த அடுக்குமாடியில் குடியிருக்கிறார். இயந்திரத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு மணி நேரம் விளக்குவார். பிறகு, திருத்தவே முடியாது என்று இன்னொரு மணி நேரம் விளக்குவார். அக்கா தலையசைத்துக்கொண்டே அவர் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்பார். "மெஷினைத் திருடணும்னா படிச்சிருக்கணும் சார். ஆளைத் திருடணும்னா சட்டையை மாத்தினாப் போதும்." சொன்னாரே தவிர, காலையில் இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும்போது முடிச்சை இழுத்துப் பார்ப்பதை மட்டும் அவர் ஒருநாளும் விட்டதில்லை. பின்னல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் இழுப்பார்.

வட்டாரம் மாறிவிட்டது என்பது கட்சிக்குத் தெரிவதற்கு முன்பே அக்காவின் துடைப்பத்துக்குத் தெரிந்துவிட்டது. தொழிற்சாலை ஓடிய காலத்தில் கடையைப் பெருக்கினால் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாகச் சேரும். தொழிற்சாலையை மூடினார்கள். பழைய ஆட்களில் சிலர் வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு போனார்கள், சிலர் ஒரேயடியாகப் போனார்கள். அந்த இடத்தில் அடுக்குமாடிகள் முளைத்தன. புறவழிச்சாலையில் வந்த சரக்குக் கிடங்குகளில் வேலை பார்க்க எங்கெங்கிருந்தோ இளவட்டங்கள் குடிவந்தார்கள். துடைப்பத்தில் கறுப்பு கூடியது, நடுநடுவே ஊதா, செம்பட்டை, ஒருநாள் பச்சைகூட வந்தது.

அக்கா கட்சிச் செயலாளரிடம் சொன்னார். "அண்ணே, கீழே விழற முடியெல்லாம் கறுப்பா இருக்கு. நம்ம ஆளுங்க நரைச்சவங்க. கணக்கு இடிக்குதே."

"எல்லாம் டை அடிச்சிருப்பாங்கம்மா" என்றார் செயலாளர். தலைமுறை தலைமுறையாக ஜெயித்த வட்டாரம் என்பதால் அவருக்குப் பிரசாரம் என்றாலே பழைய வீடுகளில் காபி குடிப்பது என்று அர்த்தம். இந்தத் தடவை அந்த வீடுகளில் காபி கொடுக்க ஆளில்லை. நாலு மாடி ஏறிப் புதியவர்களின் கதவைத் தட்டினார். கதவிடுக்கு வழியாகவே கும்பிடு போட்டுவிட்டுச் சாத்திக்கொண்டார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தேர்தலுக்கு முந்தைய வாரம் கடைக்கு வந்து, முடிவெட்டிக்கொள்கிற சாக்கில் நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உயிரோட இருக்கறவன் வீடு மாத்திக்கிட்டுப் போயிட்டான். செத்தவன்தான் நம்ம கட்சிக்கு விசுவாசமா இங்கேயே இருக்கான். உங்க வீட்டுக்காரரோட அண்ணன் பேரைக்கூட இன்னும் பட்டியல்லேருந்து எடுக்கல."

அக்காவின் கத்தரி நின்றது. "அதுக்கு?"

"அவர் உயிரோட இருந்தா நமக்குத்தானே போட்டிருப்பாரு? அதை நாம போட்டா அது கள்ள ஓட்டா? அவரோட ஓட்டுதானே?"

அக்காவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அந்தப் பெரியவருக்குக் கடைசி வரை முடிவெட்டியவர் அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் மனிதர்கள் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவார்கள். பெரியவரும் கொட்டியிருந்தார். தம்பி பிடித்த கொடிக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை அவர். "வீட்டுல சொல்லிடாதேம்மா, சோறு தண்ணி கிடைக்காது" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவும் இன்றுவரை மூச்சு விடவில்லை. போனவர் ரகசியமும் ரகசியம்தானே என்பது அவர் எண்ணம்.

"என் பூத்துல நடக்காது அண்ணே" என்றார் செயலாளரிடம். "தலையைக் குனிங்க."

செயலாளர் குனிந்தார். எழும்போது வேறொரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். அடுக்குமாடிக்காரர்கள் வரிசையில் வந்தால் கையைத் தூக்கித் தூக்கித் தாமதம் செய்யவேண்டும், வெயிலில் நின்று சலித்துப் பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள் என்றார். "சந்தேகம் வந்தாத் தூக்குவேன். வராட்டி எனக்குக் கை வலிக்குது" என்று அக்கா சொல்லிவிட்டார்.

ஆனால் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் வினை. தேர்தலன்று காலையிலேயே கிடங்குச் சீருடையில் ஒரு இளம்பெண் வந்தாள். வாக்காளர் அட்டையில் இருந்த படத்தில் சுருள்சுருளாகக் காடு மாதிரி முடி. எதிரே நின்றவளுக்கோ தோள் வரை நேராக, நூல் பிடித்தது போல. அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சுருள் முடி தானாக அப்படி நேராகாது. கை சட்டென்று மேலே போனது.

"இது அந்தப் பொண்ணு இல்ல சார். முடியே வேற."

தலைமை அலுவலர் விசாரித்தார். அவள் அப்பா பெயர், வீட்டு எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் மடமடவென்று ஒப்பித்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். "எதிர்த்தெருக் கடையில நீட்டினதுங்க. உங்க கடையிலதான் முதல்ல கேட்டேன். நீங்கதான் செய்யமாட்டேன்னு விரட்டி விட்டீங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. வழுக்கைத் தலையர் சிரிக்காமல் இருக்கப் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். அக்காவுக்குக் காது வரை சூடேறியது. இத்தனை காலத்தில் அவர் கை தூக்கி அசல் ஆள் நின்றது இதுவே முதல் முறை.

"மன்னிச்சுக்கம்மா" என்றார். வாய்விட்டுத்தான் சொன்னார். அந்தப் பெண் அலட்சியமாக முடியை ஒரு சிலுப்புச் சிலுப்பிக்கொண்டு பொத்தானை அழுத்தப் போனாள்.

தலைமை அலுவலர் வெளியூர்க்காரர், வேர்வையில் நனைந்தவர், அக்காவின் புகழ் எதையும் கேள்விப்படாதவர். "இன்னொரு தடவை ஆதாரம் இல்லாமக் கை தூக்கினீங்கன்னா எழுந்து வெளியே போயிடணும். எழுதியும் அனுப்பிடுவேன். அப்புறம் எந்தத் தேர்தல்லயும் இந்த நாற்காலி உங்களுக்குக் கிடைக்காது" என்றார்.

சாவடிக்குள் தும்மினால் வெளியே கேட்கிற ஊர் அது. அக்காவின் கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்ற செய்தி செயலாளருக்குப் போக ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அவருக்கு யோசிக்க இன்னொரு ஐந்து நிமிடம் பிடித்திருக்கும்.

மதிய வெயிலில் வரிசை தேய்ந்திருந்த நேரம். அலுவலர் அடுத்த பெயரைப் படித்தார். பெரியவரின் பெயர். அக்கா நிமிர்ந்து பார்த்தார். வாசலில் நின்றவருக்குப் பெரியவரின் பழைய கட்டம்போட்ட சட்டை, தடித்த கண்ணாடி, விரலில் மை இருந்த இடத்தில் சிவந்துபோன தோல். வகிடு வழக்கத்துக்கு மாறாக வலது பக்கம். பழகாத பக்கத்தில் படிய மறுத்து முடி சிலிர்த்துக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு தழும்பு. கல்யாணமான புதிதில், பேச்சு சுவாரசியத்தில், அக்காவின் கத்தரியே போட்ட தழும்பு. காலையில் அக்காவோடு ஒன்றாக வந்து, தன் பெயரில் ஓட்டுப் போட்டுவிட்டு, கட்சி அலுவலகத்தில் சீட்டாடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன மனிதர்.

அவர் அக்காவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார். வழுக்கைத் தலையர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார். அண்ணன் தம்பி ஜாடை, அட்டைப் படமும் யார் என்று சொன்னாலும் நம்பக்கூடிய மங்கல். அந்த அறையில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், அவர்கள் ஒரே வீட்டில் குடியிருக்கிறவர்கள்.

 வாசலில் போலீஸ் நிற்கிறது. கை தூக்கினால் இந்த மனிதர் உள்ளே போவார். தூக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, நாற்காலியும் பத்திரம். தன் மேல் உள்ள நம்பிக்கையில்தான் இந்த மனுஷன் வந்து நிற்கிறார் என்று நினைத்தபோது அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போயும் போயும் அந்தப் பெரியவரின் சட்டையை மாட்டிக்கொண்டு, அவருக்குப் பிடிக்காத பொத்தானை அவர் பெயராலேயே அழுத்த வந்திருக்கிறார். பாவம், கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னதை எல்லாம் கேட்ட காது அக்காவுடையது.

கை தூக்கினார்.

அலுவலர் பேனாவை மேசையில் வைத்தார். "மறுபடியுமா? என்னம்மா ஆதாரம்? மறுபடியும் முடியா?"

"இவரு அவரு இல்ல சார்."

மேசை எதிரே நின்றவருக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. குரலைக்கூடக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டார். "யாருங்க இந்தம்மா? நான் இவங்களைப் பாத்ததே இல்லையே!"

"ஆதாரம் இல்லன்னா எழுந்திரிங்கம்மா" என்றார் அலுவலர்.

அக்கா எழுந்தார். வாசல் பக்கம் போகவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்து அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். கடையில் வைப்பது போலப் பிடரியில் இரண்டு விரலை வைத்தார். தலை தானாகக் குனிந்து, மோவாய் மார்பில் ஒட்டிக்கொள்ள, கத்தரிக்கு வசதியாகக் காதைக் காட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து, ஆடாமல் நின்றது.