சொல்லாமல் போனவர்கள்

அப்போது சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். 2011 டிசம்பரில் ஒருநாள் 'டம்ப்ஸ்ட்ரக்' என்ற சொல்லை எடுத்தேன். அதிர்ச்சியோ ஆச்சரியமோ அடித்த அடியில் பேச்சு நின்றுபோன ஆளைக் குறிக்கும் சொல். கீரப்பாளையத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி, "பேயறஞ்ச மாதிரின்னு சொல்வாங்களே, அதான மிஸ்?" என்றாள். வகுப்பே சிரித்தது. எந்த அகராதியும் இவ்வளவு சரியாகச் சொல்லாது என்று நான் மெச்சிக்கொண்டேன். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனாலும் இதைச் சொல்லலாம். பிறவியிலேயே பேச்சு வராதவர்களைச் சொல்லக்கூடாது. இது கொஞ்ச நேரத்து நிலைமைதான், பேச்சு தானாகத் திரும்பிவிடும் என்றெல்லாம் அளந்துவிட்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயை வைத்தே பிழைப்பவள்.

அந்த மாதக் கடைசியில் புயல் அடித்தது.

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் முந்திரித்தோப்பு. வரப்போரம் பலாமரங்களும் உண்டு. பஸ் ஓட ஆரம்பித்ததும் கிளம்பினேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை எனக்கும் அடையாளம் தெரியவில்லை, கண்டக்டருக்கும் தெரியவில்லை. மரங்கள் இல்லாமல் எல்லா இடமும் ஒரே இடமாக இருந்தது. ரோட்டிலிருந்து ஒருநாளும் கண்ணில் படாத மாமாவின் வீடு, அன்று வெட்டவெளியில் நின்றது.

மாமா எங்கள் குடும்பத்தின் பெரிய வாயாடி. கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சாம்பார் ஆறிப்போகும். அவர் பின்வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேரில், தோப்பு இருந்த பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"காத்து நின்னதும் போயி பாத்துட்டு வந்தாரு பாப்பா, அதோட சரி," என்றாள் அத்தை. "ஒரு வார்த்த பேசல. கத்தி அழுதிருந்தாக்கூட தேவலாம்."

கடலூர் டாக்டர் கை, கால், நாக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பக்கவாதம் இல்லை, தானாகப் பேசுவார் என்று அனுப்பியிருந்தார். நான் வகுப்பில் சொன்னதும் அதேதான். ஆனால் அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு நேரம் என்று என்னை யாரும் கேட்டிருக்கவில்லை.

"என்னா மாமா, வாயில கொழுக்கட்டையா?" என்று சீண்டிப் பார்த்தேன். சுவரில் மாட்டிய போட்டோ நம்மைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் சீண்டவில்லை.

பட்டப்பகலிலேயே அந்த வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது. மரநிழலில் எப்போதும் இருட்டாகக் கிடக்கும் அடுப்படிக்குள் வெயில் நேராக வந்து விழுந்தது. அத்தை ஒவ்வொரு முறையும் அதை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தாள்.

சொந்தக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருபவர்களை 'வாங்க' என்று அழைக்க மாட்டோம். அவர்களும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் மறுபடியும் அதே காரியத்துக்கு வரவேண்டியதாகிவிடும். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இங்கே யாரும் சாகவில்லை. ஆனாலும் வந்தவர்கள் சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தார்கள், மாமா எதிரில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தோப்பைப் பார்த்தவனுக்கு என்ன பேச்சு வரும்? எதிர்வீட்டுக்காரர் மட்டும் ஒருபடி மேலே போனார். இங்கிருந்து திரும்பியவர், தன் வாசல் குழாயில் இரண்டு காலையும் நன்றாகக் கழுவிக்கொண்டுதான் தன் வீட்டுக்குள் நுழைந்தார். எழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் செய்கிற காரியம் அது. இந்த வீட்டில் யாருய்யா செத்தது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. திரும்பினால், மாமாவும் திறந்திருந்த முன்வாசல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பினேன். அத்தை கண்ணாலேயே விடை கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள், பழக்க தோஷத்தில் திரும்பிப் பார்த்து, "மாமா, போயிட்டு வரேன்," என்றேன்.

சேர் கிறீச்சிட்டது. மாமா என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"என்கிட்டயா சொல்ற?"

தொண்டை கட்டிப்போன, யாரோ ஒருவருடைய குரல்.

"ஒங்ககிட்டதான் மாமா."

"எல்லாரும் சொல்லாமயே போனாங்க பாப்பா. எதுத்த ஊட்டுக்காரன் காலக் கழுவிட்டு உள்ள போறான். சரி, நாமதான் செத்துட்டோம்போல, இவுங்களுக்கெல்லாம் தெரியுது, நமக்குத்தான் தெரியலன்னு உக்காந்திருந்தேன். பேசினா யாருக்காச்சும் கேக்குமான்னு பயமா இருந்துச்சு."

அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நாக்கு எழவில்லை. மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மறுபடியும் வெளுத்தது.

"கேக்குதா பாப்பா?" என்றார்.

"கேக்குது மாமா!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.