ரைஸ் மில் புகையும் குடோன் சுவரும்

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தோடிய பெரிய மழைக்கு அடுத்த தை மாதம்தான், ரைஸ் மில்லுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே அந்த குடோன் எழும்பியது. அந்த மழையில் என் கறவை மாடு செத்தது. அதனால் வருஷம் மறக்கவில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. மில்லில் நெல் அவிக்க உமி எரிப்பார்கள். புகைபோக்கி அதிக உயரமில்லை. ஆனாலும் மேற்கேயிருந்து அடிக்கும் மேல்காற்றில் புகை அக்கா தெருவைத் தாண்டி வயல் பக்கம் போய்விடும். காயப்போட்ட துணியில் கொஞ்சம் கரி விழும், அவ்வளவுதான். குடோன் கிட்டத்தட்ட புகைபோக்கி உயரத்துக்கு வந்ததும் அக்கா வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். "இனிமே பொகை வராது மச்சான், செவுரு தடுத்துக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனியில் மேல்காற்று பிடித்தது. புகை குடோன் கூரைமேல் ஏறி, பின்பக்கம் கவிழ்ந்து இறங்கி, தெருவிலேயே சுற்றிக்கொண்டு நின்றது. அக்காவால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். மாமா சும்மா இருப்பாரா? வாசலுக்கு முன்னால் கூரை உயரத்துக்குக் கீற்றுத் தட்டி கட்டினார். கயிறு பிடித்தவன் நான். மறுநாள் இன்னும் மோசம். தட்டியைத் தாண்டி விழுந்த புகைக்கு வெளியே போக வழியில்லை.

அக்கா நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "இன்னாய்யா பண்ணிக்கினு கீற? களத்துல நெல்லு தூத்தறப்ப, வைக்கப்போருக்குப் பின்னாடிதானே பதரு சுத்திச் சுத்தி வுழும்? அங்க குந்தாதன்னு என்னைத் தொரத்துவ. இப்ப நீயே குந்த வச்சிக்கினு கீற."

"முன்னாடியே சொல்லக்கூடாதாடி?"

"மூச்சு இருந்தாத்தானே சொல்றதுக்கு."

மாமா அரிவாளை எடுத்துத் தட்டிக் கயிற்றை அறுத்தார். அந்த வாரமே இருவரும் தெற்குத் தெருவில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அங்கே குடோன் மறைப்பு இல்லை, காற்று நேராக ஓடும். இழுப்பு விட்டுப் போகவில்லை. ஆனால் அக்கா பாய் விரித்துப் படுத்துத் தூங்கினாள்.

இப்போது அக்காவும் இல்லை, மாமாவும் இல்லை. அவர்கள் வீடு இருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். குடோன் மறைப்பதால் மில் தொந்தரவு கிடையாது என்று சொல்லி விற்கிறார்கள். பார்க்க வருபவர்கள் சித்திரையில் வருகிறார்கள். அப்போது கிழக்கேயிருந்து கடல்காற்று, புகை மில்லுக்கு அந்தப் பக்கம் போய்விடும். போய் அவர்களிடம் சொல்ல என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அங்கே மனை வாங்கப் போனால், ஆடியில் ஒருநாள், மில் ஓடும்போது, குடோனுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணச் சொல்லுங்கள்.