பதினோராவது விடை

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், அந்த நகரின் குடியிருப்போர் சங்கம் ஒரு படிப்பகம் நடத்தியது. ஒரே அறை. இரண்டு பீரோ, ஒரு நீள மேஜை, சுவரில் கரும்பலகை. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் மட்டும் திறந்திருக்கும். வாராவாரம் பலகையில் பத்துப் பொது அறிவுக் கேள்விகள் எழுதப்படும். விடைகளைச் சீட்டில் எழுதி வாசலில் தொங்கும் பெட்டியில் போட வேண்டும். அடுத்த ஞாயிறு சங்கச் செயலாளர் பெட்டியைத் திறந்து, சீட்டுகளை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிப்பார். எப்போதோ ஒருவர் 'என் சீட்டை மறைச்சிட்டீங்க' என்று சண்டைக்கு வந்ததால், சீட்டில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் படிக்க வேண்டும் என்று அவரே ஒரு விதி போட்டிருந்தார்.

என் வீடு அனகாபுத்தூரில். அப்பா தண்ணீர் லாரியில் கிளீனர். சிட்லபாக்கத்தின் பாதி வீடுகளில் தரையடிச் சம்புத் தொட்டிக்குள் குழாயை விட்டவர். அவருக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த பீரோப் புத்தகங்கள் வேண்டும். வெளியாட்கள் உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஆனால் நான்கு வாரம் தொடர்ந்து பத்துக்குப் பத்து வாங்கினால், யாராக இருந்தாலும் ஒரு வருடத்துக்கு உறுப்பினர் அட்டை உண்டு.

மூன்று வாரம் வாங்கிவிட்டேன். நான்காவது வாரம் ஏழாவது கேள்வி: பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய மாநிலம் எது?

படிப்பகத்தின் ஆண்டுப் புத்தகம் மத்தியப் பிரதேசம் என்றது. கேள்விகள் எடுக்கப்படுவது அதிலிருந்துதான்; எல்லாரும் விடை எழுதுவதும் அதைப் பார்த்துத்தான். ஆனால் சத்தீஸ்கர் தனியாகப் பிரிந்து இரண்டு வருடமாகியிருந்தது. நான் வேலை பார்த்த குரோம்பேட்டை ஜெராக்ஸ் கடைக்கு வந்த ஒருவரின் நோட்ஸில் சத்தீஸ்கரின் பரப்பளவு இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் பரப்பளவிலிருந்து அதை ஒரு காகிதத்தில் கழித்துப் பார்த்தேன். ராஜஸ்தான் முன்னால் வந்தது. மறுபடி கழித்தேன். அப்போதும் அதேதான். புத்தகத்திலேயே இல்லாததைக் கண்டுபிடித்ததற்கு செயலாளர் முதுகில் தட்டிக்கொடுப்பார் என்றுகூட நினைத்துக்கொண்டு எழுதிப் போட்டேன்.

"ஏழாவது தப்பு," என்றார் அவர், அடுத்த ஞாயிறு என் சீட்டைப் படித்துவிட்டு.

"சார், மாநிலம் பிரிஞ்சிடுச்சு சார். இந்த புக் அதுக்கு முன்னாடி வந்தது."

"தம்பி, போட்டிக்கு ஆதாரம் இந்தப் புத்தகம். இதுல என்ன இருக்கோ அதுதான் விடை."

"அப்ப பிரிஞ்சது?"

"பிரிஞ்சது பிரிஞ்சதுதான். யார் இல்லேன்னா?"

மேஜையின் மறுமுனையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏம்ப்பா, ராஜஸ்தானுக்கும் உங்கப்பா லாரிதான் தண்ணி சப்ளையா? அளந்து பார்த்த மாதிரி சொல்றே!"

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

செயலாளர் கெட்டவர் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நல்ல பையன் நீ. அதை அடிச்சிட்டு மத்தியப் பிரதேசம்னு எழுதிக் குடு. இப்பவே அட்டை போட்டுத் தரேன்." பேனாவையும் நீட்டினார்.

"முடியாது சார்," என்றேன். பேனாவை வாங்கவில்லை.

வீட்டில் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அவுரு சொல்றத எழுதிட்டு பொஸ்தகத்த தூக்கினு வர வேண்டியதுதானே? ராஜஸ்தான் இன்னா உன் மாமியார் வூடா?"

"தப்புன்னு தெரிஞ்சே எப்படிப்பா எழுதறது?"

"அத்தினி பேரும் எழுதிகீறாங்கல்ல?"

"அதுக்காக நானும் எழுதணுமா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "படிக்க வெச்சா இப்டி பேஜாராவும்னு யாருக்குத் தெரியும்?"

அடுத்த வாரச் சீட்டில் பத்து விடைகளையும் எழுதிவிட்டு, கீழே இன்னொரு வரி சேர்த்தேன். '11. போன வாரத்து ஏழாம் கேள்வி: ராஜஸ்தான்.' செயலாளர் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். விதி அவருடையது, படித்தே ஆக வேண்டும். படித்தார். அதற்கடுத்த வாரமும் படித்தார். மூன்றாவது வாரம் படித்து முடித்த கையோடு பலகையின் மூலையில் புதிய விதி எழுதினார்: பத்து வரிக்கு மேல் உள்ள சீட்டு செல்லாது.

அந்த மூன்று வாரமும் நான் பத்துக்குப் பத்து. இன்னும் ஒரு வாரம் ஒழுங்காக எழுதினால் அட்டை என் கையில். கேள்விகளும் சுலபம், பத்துக்குமே விடை தெரியும். ஜெராக்ஸ் கடையில் ஆள் இல்லாத மதிய நேரத்தில் ஒன்பது விடைகளை எழுதிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டால் புத்தகம். இதற்குத்தான் அந்தப் புதிய விதி என்று தோன்றியதும் கோபம் வந்தது. பத்தாவது வரியையும் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் என் சீட்டைப் பிரித்தார். ஒன்பது வரையும் சரி.

"பத்து. பென்சிலினைக் கண்டுபிடித்தவர்…" நிறுத்திவிட்டார்.

"படிங்க சார்," என்றார் வங்கிக்காரர்.

"ராஜஸ்தான்."

அறை அதிர்ந்தது. வங்கிக்காரர் கண்ணீர் வரச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்களோ, செயலாளரைப் பார்த்தோ, தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"அட்டை போச்சேப்பா," என்றார் செயலாளர். நிஜமாகவே வருத்தம் அவர் முகத்தில். "ஒன்பதுதான்."

"தெரியும் சார். அந்த ஏழாம் கேள்வி விடையைப் பலகையில திருத்தி எழுதுங்க. மறுபடி முதல் வாரத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன்."

அவர் எழுதவில்லை. சாக்பீஸைக் கையில் எடுத்தார், பிறகு அடுத்த வாரத்துக் கேள்விகளை எழுதத் தொடங்கினார். நான் பீரோவைத் திறந்து எனக்கு வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேஜையில் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். அறையைப் பூட்டும்வரை எழுந்திருக்கவில்லை.