இரண்டாவது ரத்தம்

பத்து வயதில் எனக்கு வந்த காய்ச்சலில் நினைவிருப்பது கொஞ்சம்தான். நைனாவின் மடியில் தலை. பஸ் ஜன்னலில் ராஜகிரி மலை போகாமல் கூடவே வந்தது. உச்சியிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கண் திறக்கவில்லையாம். போன அன்றே ரத்தம் எடுத்தார்களாம்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் நான் முழுதாக வந்து சேரவில்லை. நடந்தால் தரை அமுங்கியது. இடது கை தானாக நடுங்கியது. கட்டிலில் கிடந்தபடி மலைச்சரிவில் மேயும் ஆடுகளைப் பார்ப்பேன். அவை மெல்ல ஏறி மேகத்துக்குள் போய்விடும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் நர்சு ஒருவர் வந்தார். மறுபடியும் ரத்தம் வேண்டும் என்றார். அம்மா வாசலிலேயே மறித்து நின்றாள்.

"காச்சல்தான் போயிடுச்சே நர்சம்மா. இன்னும் இன்னாத்துக்கு ரத்தம்?"

"போனப்புறம்தாம்மா தெரியும். உள்ள வந்த கிருமிய எதுத்து ரத்தத்துல ஒண்ணு ஊறும். அன்னிக்கி எடுத்ததையும் இன்னிக்கி எடுக்கறதையும் சேத்துப் பாத்தாதான் இன்ன காச்சல்னு சொல்ல முடியும்."

"அத்த தெரிஞ்சி இவளுக்கு இன்னா ஆவப்போவுது?"

நர்சு என்னை எட்டிப் பார்த்தார். "இவளுக்குப் பெருசா ஒண்ணுமில்லம்மா. தெருவுல இருக்கற மத்த புள்ளைங்களுக்கு ஆவும்."

பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்கள் மூன்று பேர் வேலியோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களையே பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ண மூடிக்கோ."

ஒரு மாதம் கழித்து நர்சு ஒரு காகிதத்தோடு வந்தார். கிருமியை எதிர்த்து ஊறுவது முதல் ரத்தத்தில் கொஞ்சமாக இருந்து, இரண்டாவதில் பல மடங்கு ஏறியிருந்ததாம். மூளைக்காய்ச்சல்தான், பன்றியிடமிருந்து கழனிக் கொசு கொண்டுவருவது. அந்த வாரமே தெருவில் கொசுப்புகை அடித்தார்கள். பன்றிப் பட்டிகளை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். அந்த வருஷம் எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அது வரவில்லை. என் கை சரியாக ஒரு வருஷம் ஆனது.

காகிதம் வந்த அன்று அம்மா ஒன்றுதான் கேட்டாள். "திரும்பவும் வருமா?"

"இந்தக் காச்சல் இனிமே இவளுக்கு வராதுன்னுதாம்மா டாக்டரு சொல்றாரு."

அம்மா டீ போட உள்ளே போனாள். அங்கே அவள் அழுவது கேட்டது. நர்சு அதைக் கேட்காதவர்போல என்னிடம் எந்த வகுப்பு என்றார்.

"நாலாவது."

"அஞ்சாவது. காச்சலுக்கு முன்னாடியே மாறிட்டா" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.