ஏழு நிமிஷமும் என் ரேஸும்

எங்கள் பேரையூர்ப் பக்கம் ‘ரேஸ்’ என்ற சொல் படாத பாடு படுகிறது. டவுன் பஸ் இன்னொரு பஸ்ஸை முந்தினால் ரேஸ். ஒரே பெண்ணை இரண்டு வீட்டார் பார்க்க வந்தால், “சுருளி மகனும் ரேஸ்ல இருக்கான்” என்பார்கள். கல்யாணப் பந்தியில் என்னைப் பார்த்து அம்மா, “யாரு கூடடா ரேஸ்?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குப் போய்விட்டால் எனக்குச் சாம்பார் இறங்காது.

பிளஸ் டூ முடித்துச் சும்மா இருந்த எனக்குப் போலீஸ் வேலைதான் ஒரே நம்பிக்கை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்தது மதுரையில் ஓட்டம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடினால் போதும். தவறினால், மறுபடி எப்போது ஆள் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊரில் தினமும் ஆறே முக்கால் நிமிஷத்தில் ஓடிப் பழகியிருந்தேன்.

என்னோடு ஓட வந்த என் கூட்டாளி தௌஹீத் மைதான வாசலிலேயே சொன்னான்.

“மாப்ள, இது ரேஸ் இல்ல. எவன் முன்னாடி போனாலும் பாக்காத.”

“எனக்கே சொல்றியா?” என்றேன்.

விசில் ஊதியதும் பச்சை பனியன் போட்ட ஒருவன் என்னை உரசிக்கொண்டு முந்தினான். அவ்வளவுதான். நான் அவனை முந்தினேன். அவன் என்னை முந்தினான். அடுத்து ஓடக் காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். பாராட்டு என்று நினைத்தேன்.

மூன்றாவது சுற்றில் விலா பிடித்துக்கொண்டது. ரேஷன் கடைக்குப் போகிறவன் மாதிரி ஓடிவந்த தௌஹீத் எங்கள் இருவரையும் தாண்டிப் போனான். அவன் ஆறு நிமிஷம் ஐம்பது விநாடி. நான் ஏழு நிமிஷம் ஒன்பது விநாடி. பச்சை பனியன் எனக்கும் மூன்று விநாடி பின்னால்.

எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார்கள்.

“யோவ், யாருய்யா நீ? என்னைய எதுக்கு அப்படி வெரட்டுன?” என்றான் பச்சை பனியன்.

“நீதானே மொதல்ல ஒரசுன?”

“கல்லு கெடந்துச்சுய்யா. ஒதுங்குனேன்!”

அதற்குள் அம்மாவின் போன் வந்தது.

“டேய் அழகு, என்ன ஆச்சு?”

“ஒருத்தன முந்திட்டேம்மா.”

“அப்ப வேலை?”

“அவனுக்கும் இல்லம்மா.”