தொப்பி போட்டால் பாலம் விழாது

யின்தாங் ஊர்க் கால்வாயில் நாற்பது படகுகள் ஓடுகின்றன. நாற்பதையும் தள்ளுவது பெண்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே நீலப்பூச் சட்டை, ஒரே தலைத்துணி, ஒரே கதை. சட்டையும் தலைத்துணியும் சுற்றுலாக் கம்பெனி கொடுத்தவை. கதையும் கம்பெனி கொடுத்ததுதான். இரண்டு பக்கத்தில் அச்சடித்து, மனப்பாடம் செய்யச் சொல்லி, ஒப்பிக்க வைத்துப் பார்த்த பிறகே படகில் ஆள் ஏற்ற அனுமதித்தார்கள்.

ஜாவ்திக்குச் சட்டை பொருந்தியது. கதைதான் தொண்டையில் சிக்கியது.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஜாவ்தி என்றால் தம்பியைக் கூட்டி வா என்று அர்த்தம். ஆண் பிள்ளை வேண்டும் என்பவர்கள் பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர். தம்பி வரவில்லை, இரண்டு தங்கைகள் வந்தார்கள். "பொறந்த அன்னிக்கே ஒரு வேலை கொடுத்தாங்க, அதையே நான் செய்யலை. கம்பெனி சொல்றதையா கேக்கப்போறேன்?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கம்பெனியின் கதை சந்தைத்துறைக் கல்பாலத்தைப் பற்றியது. அறுநூறு வருடங்களுக்கு முன்னால், அக்கரையில் இருந்த மனைவியைப் பார்க்க முடியாமல் ஏங்கிய ஒரு மந்திரி அதைக் கட்டினானாம். அதன் அடியில் கைகோத்தபடி படகில் போகும் தம்பதி ஆயுசுக்கும் பிரியமாட்டார்களாம். எப்போதும் முன்படகில் போகும் ஜாவ்தியின் தோழி கென்மெய் இந்த இடத்தைக் கண்ணீர் மல்கச் சொல்லுவாள். சொல்லி முடித்துவிட்டு, பயணிகளுக்குக் கேட்காமல் பின்படகைப் பார்த்து, "ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை நானும் போறேன், என் புருஷன் எங்கடி?" என்பாள். அவள் புருஷன் ஓடிப்போய் ஒன்பது வருடம்.

ஜாவ்தி பெயரில் அலுவலகத்தில் ஏற்கெனவே இரண்டு மஞ்சள் எச்சரிக்கைச் சீட்டுகள் கிடந்தன. கோயில் மணியை அடித்தால் நினைத்தது நடக்குமா என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்க வீட்டுக்காரரு மூணு வருஷம் அடிச்சாரு, தோள்வலிதான் மிச்சம்" என்று சொன்னது முதல் சீட்டு. கல்யாணப் படம் எடுக்க வந்த பெண்ணிடம், அந்தப் பழங்கால விளக்குகள் போன மாதம் லாரியில் வந்திறங்கின என்று சொன்னது இரண்டாவது. மூன்றாவது சீட்டு விழுந்தால் படகு போய்விடும். மேற்கு வாசல் கழிப்பறையில் வேலைக்குப் போடுவார்கள். கழிப்பறை கழுவுவதில் கேவலம் ஒன்றுமில்லை, அவள் வீட்டில் கழுவாததா? ஆனால் அங்கே தண்ணீர் குழாயில்தான் வரும். முப்பது வருடமாகக் கால்வாயில் நின்ற கால்களை வைத்துக்கொண்டு அவள் அங்கே என்ன செய்வாள்?

அதனால் அந்தச் சித்திரை மாதக் காலையில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி படகில் ஏறியபோது, வாயைக் கட்டிக்கொள்வது என்ற முடிவோடுதான் இருந்தாள். ஹாலந்துக்காரர்கள். அவர் பெயர் யோஸ்ட், அந்த அம்மா பெயர் மரைக்கே. அறுபது தாண்டியவர்கள். பத்து நாளில் ஏழு பழைய ஊர்கள் பார்க்க வந்தவர்கள். இது ஐந்தாவதாம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவர் விழித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த போன் அவர்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னது. அதன் குரல், செய்தி வாசிக்கிற பெண்ணைப் போலக் கணீரென்று இருந்தது.

ஜாவ்தி மந்திரியைக் கொண்டுவந்தாள். ஏங்க வைத்தாள். அறுநூறு வருடம் என்றாள். கைகோக்கச் சொன்னாள். யோஸ்ட் உடனே மனைவியின் கையைத் தேடினார். அந்தம்மாவோ கையைக் கொடுக்காமல் அண்ணாந்து பாலத்தின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ கேட்டார். யோஸ்ட் போனை நீட்டினார்.

"இந்தக் கற்களில் இயந்திர ரம்பத்தின் கோடுகள் தென்படுகின்றன. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு இயந்திர ரம்பம் இருந்ததா?" என்றது போன்.

ஜாவ்தி யோஸ்டைப் பார்த்து, "ஐயாவுக்கு நல்ல கண்ணு" என்று மழுப்பினாள்.

"கேள்வி என்னுடையதன்று. பாலங்கள் கட்டுபவர் என் மனைவி. நான் ரொட்டி சுடுபவன்."

துடுப்பு நின்றது. படகு பாலத்தின் நிழலில் தானாக மிதந்தது.

"பாலமா? இவங்களா? எத்தனை?"

"பதினேழு," என்றது போன். "ஒன்று ரயில்பாலம்."

"வளைவு உச்சியில பூட்டுக்கல் வைக்கிறப்போ பக்கத்துல நிக்க விட்டாங்களா?"

மரைக்கேவுக்குக் கேள்வியே புரியவில்லை. பொறியாளர் நிற்காமல் வேறு யார் நிற்பது என்று திருப்பிக் கேட்டார்.

ஜாவ்தி மூன்றாவது சீட்டை நினைத்தாள். குழாய்த் தண்ணீரை நினைத்தாள். முன்படகில் கென்மெய் கண்ணைத் துடைத்தபடி போவதும் தெரிந்தது. எதுவும் உதவவில்லை.

"கேளுங்க. இந்தப் பாலத்துக்கு வயசு இருபத்திரண்டு. பழைய பாலத்தைச் சிமெண்டு ஏத்துற பெரிய படகு போகணும்னு வெடி வச்சுத் தகர்த்தாங்க. அப்புறம் டூரிஸ்ட் வர ஆரம்பிச்சதும், ஐயோ பாலம் இல்லையேன்னு ஊரே கூடி இதைக் கட்டிச்சு. மணல் சுமந்தது பதினோரு பொம்பளைங்க. ஆனா வளைவைப் பூட்டுற கல்லு வைக்கிற அன்னிக்கு எங்களை எல்லாம் வீட்டுக்குள்ள போகச் சொல்லிட்டாங்க. பொம்பளை நிழல் விழுந்தா பாலம் நிக்காதாம்."

போன் இதைக் கணீரென்று சொன்னது. மரைக்கே ஒரு வார்த்தை சொன்னார். போன் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டது.

"இருங்க, இன்னும் இருக்கு. அந்தக் கல்லு மேற்கே கல்குவாரியில கிடக்கு. அத்தனை எடையைத் தாங்குற படகு எங்களோடது ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு இடுப்புப் பிடிச்சுப் படுக்கையில கிடக்காரு. பஞ்சாங்கத்துல குறிச்ச நேரமோ மத்தியானம். தலைமைக் கொத்தன் பெய் என்ன பண்ணான் தெரியுமா? ஓடி வந்து அவன் தொப்பியையும் கோட்டையும் என்கிட்ட கொடுத்தான். 'போட்டுக்க ஜாவ்தி, வாயில ஒரு சிகரெட்டும் வச்சுக்க, தெய்வம் கிட்ட வந்தெல்லாம் பாக்காது'ன்னான்."

யோஸ்ட் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

"நான் கேட்டேன்: ஒரு தொப்பிக்கு ஏமாறுற தெய்வத்துக்கு ஏன்யா இவ்வளவு பயப்படுறீங்கன்னு. 'இப்போ எல்லாம் பேசாதே, நேரமாவுது'ன்னான். கொண்டாந்தேன். வச்சாங்க. நிக்குதா இல்லையா?"

பாலத்தைத் தாங்குவது கல்லின் எடையும் வளைவின் கணக்கும்தான். கொத்தன் பெய்க்கு அது ஊரில் எவரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் பதினோரு பெண்களை வீட்டுக்குள் அடைத்தான். ஜாவ்தியால் இருபத்திரண்டு வருடமாகச் செரிக்க முடியாதது அதுதான். தெரியாதவன் செய்திருந்தால் என்றோ மன்னித்திருப்பாள்.

மரைக்கே எழுந்து நின்றார். படகு சாய்ந்தது. "உட்காருங்கம்மா!" என்று ஜாவ்தி கத்தியதைக் காதில் வாங்காமல், கையை உயர்த்திப் பூட்டுக்கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"நன்றாகப் பொருந்தியிருக்கிறது. உங்கள் பெயர் எங்கே பொறிக்கப்பட்டுள்ளது?" என்றது போன்.

"நாப்பத்திமூணு ஆம்பளைங்க பேரை ஒரு கல்லுல வெட்டி வச்சாங்க. அதையும் கம்பெனி பெயர்த்து எடுத்துட்டுப் போயிடுச்சு. அதுல வருஷம் போட்டிருந்துச்சே!"

நான்காம் நாள் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஷாங் மேசையில் மஞ்சள் சீட்டு தயாராக இருந்தது. எழுதி, முத்திரையும் குத்தியாகிவிட்டது.

"புகாரா?" என்று கேட்டாள் ஜாவ்தி.

"பாராட்டு," என்றார் ஷாங் எரிச்சலாக. "அந்த வெளிநாட்டம்மா நெட்டுல ஒரு பக்கம் எழுதியிருக்காங்க. ஏழு ஊர்ல கேட்ட ஒரே உண்மையான கதை இதுதானாம். உங்க போட்டோவும் போட்டிருக்காங்க. உண்மைன்னா என்ன அர்த்தம், ஜாவ்தி அக்கா? தாள்ல இருக்கிறதைச் சொல்லலைன்னு அர்த்தம். அதான் சீட்டு."

"அப்போ திட்டினாலும் சீட்டு, புகழ்ந்தாலும் சீட்டா?"

"பொறுங்க. நேத்து சாயங்காலம் தலைமை அலுவலகத்துல இருந்து போன். கல்லு கொண்டாந்த அம்மாவோட படகுதான் வேணும்னு முந்நூறு பேர் கேக்கறாங்களாம்." ஷாங் சீட்டை மெதுவாக இழுப்பறைக்குள் வைத்தார். "நீங்க பண்ணினது தப்பு. ஆனா நல்லா பண்ணியிருக்கீங்க."

"படகு?"

"உங்களுக்குத்தான்."

ஷாங் புதிதாக அச்சடித்த தாள் ஒன்றை ஜாவ்தியிடம் நீட்டினார். படித்தாள். மறுபடி படித்தாள்.

"இதென்னங்க? 'இந்தப் பாலத்தின் பூட்டுக்கல்லை ஆண் வேடமிட்டு நான்தான் கொண்டு வந்தேன்.' சரி, நான்தான். மேல நாற்பது பிரதின்னு போட்டிருக்கு?"

"நாற்பது படகு இருக்கே அக்கா. முந்நூறு பேரையும் நீங்க ஒருத்தரே ஏத்த முடியுமா?"

"மத்த முப்பத்தொம்போது பேரும் பொய் சொல்லணுமா? அதுவும் என் பேருல இருக்கிற உண்மையை வச்சு! மேல பாருங்க, அறுநூறு வருஷமும் அப்படியே இருக்கு. அறுநூறு வருஷத்துப் பாலத்துக்கு நான் கல்லு கொண்டாந்தேன்னா எனக்கு இப்போ வயசு என்ன?"

"அதெல்லாம் யாரும் கூட்டிக் கழிச்சுப் பாக்கமாட்டாங்க."

"நான் பாப்பேன். கல்லைச் சொன்னா வருஷத்தையும் சொல்வேன். மணல் சுமந்த பதினோரு பேரையும் பேர் பேரா சொல்வேன். முடியாதுன்னா அந்தச் சீட்டை வெளிய எடுங்க."

ஷாங் இழுப்பறையைப் பார்த்தார். ஜன்னல் வழியே படகுத்துறையில் நின்ற வரிசையைப் பார்த்தார். வரிசை சந்தை மூலையைத் தாண்டியிருந்தது.

"நீங்க மட்டும் உங்க இஷ்டப்படி சொல்லிக்குங்க," என்றார் கடைசியில். "மத்தவங்க தாள்படிதான்."

மறுநாள் முதல் சவாரியிலேயே ஜாவ்தி வருடத்தைச் சொன்னாள். பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாக, குடும்பப் பெயரோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, தொண்டையில் எதுவும் சிக்காமல் பாலத்தைக் கடந்தாள்.

படகில் இருந்த கண்ணாடி போட்ட ஒருவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"முன்னாடி படகுக்கார அம்மா, தான்தான் கொண்டாந்ததா சொல்லிட்டுப் போறாங்களே? அவங்க சொல்றதுதான் நிஜம் மாதிரி இருக்கு."

ஜாவ்தி துடுப்பை அழுத்தி நாலே வீச்சில் முன்படகை எட்டிப் பிடித்தாள்.

"அடியே கென்மெய்! கல்லு வந்த அன்னிக்கு நீ பிரசவத்துக்கு உங்கம்மா வீட்ல கிடந்தேடி!"

"வாயை மூடுடி!" கென்மெய் திரும்பிப் பார்க்காமலே பல்லைக் கடித்தாள். "நிறைமாசத்தோட கொண்டாந்தேன்னுதான் சொல்லிட்டிருக்கேன். என் படகுல எல்லாரும் அழறாங்க, கெடுத்துடாதே!"