சிரிக்கச் சொன்ன டாக்டரம்மா

தையல்கடை வைத்திருக்கும் அவளைத் தெருவே குண்டூசி அக்கா என்றுதான் கூப்பிடும். நாள் முழுக்க உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவள் எங்கே சிரிப்பது? கேட்டால், "சிரிச்சா ஊசி தொண்டைக்குள்ள போயிடும்" என்று எரிந்து விழுவாள்.

இடது காது மந்தமாகித் தலையும் சுற்ற ஆரம்பித்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டின் அடியில், காது நரம்பில், திராட்சை அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு அதை ஒட்டியே போனது; கட்டியை எடுக்கும்போது அது அடிபட்டால் முகம் ஒரு பக்கம் கோணிவிடும்.

ஆபரேஷனுக்கு மறுநாள் டாக்டரம்மா வந்து, "எங்க, கொஞ்சம் சிரிங்க பார்ப்போம்" என்றார்.

அவளுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. உதடு அசையவில்லை. டாக்டரம்மாவின் முகம் வாடியது.

"பயப்படாதீங்க டாக்டர், கல்யாண போட்டோவுலயும் இவ இப்படித்தான்" என்றார் கணவர்.

அவ்வளவுதான். புருவம் இரண்டையும் நெரித்து, உதட்டைச் சுழித்து அவரை முறைத்தாள். "வீட்டுக்கு வருவேன்ல, அப்ப இருக்கு உங்களுக்கு!"

"ரெண்டு பக்கமும் ஒரே அளவு! நரம்புக்கு ஒண்ணும் ஆகல" என்று டாக்டரம்மா கைதட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த முறைப்புக்குப் பயந்தே வாழ்ந்த மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே குனிந்தார். "இன்னொரு தடவை முறையேன்."

முறைக்கத்தான் பார்த்தாள். வாயில் ஊசி இல்லாத தைரியத்தில் சிரித்துத் தொலைத்தாள்.